கடல் விலகிப்போன பட்டினங்கள்: எபேசும் கொற்கையும்

அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் 20-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எல்லோருமாய் உட்கார்ந்து ஒருமுறை நிதானமாய் வாசியுங்கள். அர்ச். சின்னப்பர் துரோவா பட்டினத்தை விட்டுப் புறப்படுகிறார். தோழர்கள் கப்பலேற, அவர் மட்டும் அசோஸ் வரை கால்நடையாய்ப் போய் அங்கே அவர்களோடு சேர்ந்துகொள்ளுகிறார். பிறகு தீவு தீவாய்க் கடந்து மிலேத்து என்னும் துறைமுகத்தில் இறங்குகிறார். எபேசு நகரத்துத் திருச்சபையின் மூப்பர்களை அங்கே வரவழைத்து, தாம் மூன்று வருஷம் அவர்கள் நடுவில் பட்ட பாடுகளை நினைப்பூட்டி, இனித் தம் முகத்தை அவர்கள் காணப்போவதில்லை என்று அறிவிக்கிறார். அவர்கள் எல்லோரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, கப்பல்மட்டும் கூடவந்து வழிவிடுகிறார்கள்.

இப்பொழுது ஒருவர் அந்த மிலேத்துக்குப் போய், சின்னப்பர் கப்பலேறிய துறை எங்கே என்று தேடினால், கடலைக் காணமாட்டார். முன்னாளில் நான்கு துறைகள் கொண்டு ஏஜியன் கடலுக்கே அரசிபோல் இருந்த நகரம் அது. இன்று அதன் மண்டபங்களையும் அரங்கத்தையும் சுற்றி இருப்பது வயல்வெளி. பருத்திக் காடு. கிறிஸ்து பிறப்பதற்கு 494 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கரும் பாரசீகரும் கடற்போர் செய்த லாதே என்னும் தீவு, வயலுக்கு நடுவில் நிற்கும் ஒரு குன்றாக இருக்கிறது. எபேசும் அப்படியே. தெமேத்திரியு என்னும் தட்டான் கலகம் மூட்டியபோது ஜனங்கள் திரண்டோடிய பெரிய அரங்கம் இன்றும் இருக்கிறது. இருபதினாயிரம் பேருக்குமேல் உட்காரலாம். அதன் எதிரே துறைமுகத்துக்கு நேராய்ப் போகும் பளிங்குக்கல் வீதியும் இருக்கிறது. வீதியின் கோடியில் துறைமுகந்தான் இல்லை. அங்கே நாணல் முளைத்த சதுப்பு நிலம். கடல் 5, 6 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது.

ஏன் போயிற்று? பூமியதிர்ச்சி, சத்துருக்களின் படையெடுப்பு எல்லாம் அந்தக் கரையிலும் உண்டு. ஆனால் இந்தத் துறைமுகங்களை மூடியது ஆற்று மண்தான். மிலேத்தை மூடியது மெயாந்தர் ஆறு. எபேசை மூடியது கயிஸ்தர் ஆறு. மழைக்காலத்தில் நம் ஊர் ஓடைத் தண்ணீரை ஒரு தம்ளரில் மொண்டு திண்ணையில் வைத்துப் பாருங்கள். ஓடும்போது கலங்கி இருந்த தண்ணீர், நின்றவுடன் மண்ணை அடியில் விட்டுவிடும். ஆறும் கடலில் கலக்குமிடத்தில் வேகம் இழந்து, மலையிலிருந்து சுமந்து வந்ததையெல்லாம் அங்கே இறக்கி வைக்கிறது. கடலலை அந்த மண்ணைக் கரையோடு ஒதுக்கி மேடாக்குகிறது. நூறு ஆண்டில் கண்ணுக்குத் தெரியாது; ஆயிரம் ஆண்டில் துறைமுகம் வயலாகிவிடும். உரோமை அதிகாரிகள் இதை அறியாதவர்களல்லர். சின்னப்பர் காலத்தை ஒட்டியே, கி.பி. 61-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு தேசாதிபதி எபேசுத் துறைமுகத்தைத் தூர்வாரினார். அடுத்த நூற்றாண்டில் ஹாத்ரியான் சக்கரவர்த்தி ஆற்றையே திருப்ப வேலை செய்வித்தார். மண் வந்துகொண்டேதான் இருந்தது.

இவ்வளவு தூரம் சொன்னது துருக்கி தேசத்துக்குச் சுற்றுலா போகச் சொல்வதற்கல்ல. போகிறவர்கள் போகட்டும், குஷாதாசி, போத்ரும் போன்ற கடலோர ஊர்களில் தங்கி இந்த இடிபாடுகளைப் பார்க்க வருஷந்தோறும் எத்தனையோ பேர் வருகிறார்கள். ஆனால் கடல் வாடையே தெரியாத சங்கரன்கோவிலில் இருக்கிற நமக்கு, ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இதே சரித்திரம் நடந்திருக்கிறது. எபேசின் பெயரை ஞாயிறு வாசகத்தில் கேட்டிருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கொற்கையின் பெயர் தெரியும்?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, வடகரைப் பக்கம், ஏரலுக்குக் கிழக்கே இருக்கிறது கொற்கை. இன்று பார்த்தால் ஒரு குளம், நெல்வயல், வாழைத்தோட்டம், சில தெருக்கள், ஒரு பழைய வன்னிமரம், அவ்வளவுதான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதுவே பாண்டியருடைய முதன்மையான துறைமுகம் என்று சொன்னால் புதிதாய் வருகிறவர் சிரிப்பார். ஆனால் சின்னப்பர் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு கிரேக்க மாலுமியின் குறிப்புநூல் இதைக் கொல்கி என்று குறிக்கிறது. இங்கே முத்துக் குளிக்கிறார்கள், தண்டனை பெற்ற குற்றவாளிகளை அந்த வேலையில் இறக்குகிறார்கள், இடம் பாண்டியனுக்குச் சொந்தம் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் பூகோள சாஸ்திரியான தாலமியும் கொல்கோய் என்று எழுதினார். நம் சங்கப் புலவர்கள் கொற்கை முத்தைப் பாடியது பள்ளிக்கூடத்தில் படித்ததே.

இந்தக் கிராமந்தான் அந்தக் கொற்கை என்று ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் கால்டுவெல். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர், ஆங்கிலிக்கன் சபை மேற்றிராணியார். ஆயினும் நன்றியோடு சொல்ல வேண்டிய பெயர். 1877-இல் கொற்கையிலும் காயலிலும் அவர் தோண்டிப் பார்த்தார். பின்னர் 1968–69-இல் தமிழ்நாடு தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது தாழிகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அங்கே அகப்பட்ட கரித்துண்டு ஒன்றைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் கணிக்கப்பட்டது. 2021-இல் மறுபடியும் அகழ்ந்து செங்கற் கட்டடத்தையும் சங்கு வளையல் துண்டுகளையும் கண்டார்கள். எபேசில் பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. கொற்கையில் நிற்பது ஒன்றுமில்லை. செங்கல், ஓடு, சங்கு, இவைதான். ஏழை வீட்டு இடிபாடு போல இருக்கிறதே என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்க வேண்டாம். அங்கே சங்கு அறுத்தவனுடைய கைவேலை மண்ணுக்குள் அப்படியே கிடந்து வந்திருக்கிறது. சக்கரவர்த்தி எழுப்பிய தூணைவிட அது நமக்கு அதிகம் பேசும்.

கொற்கையை மண் மூடியபோது வாணிகர் கடலைப் பின்தொடர்ந்து போனார்கள். காயல் என்னும் ஊர் எழுந்தது. இப்பொழுது பழையகாயல் என்கிறோம். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கரைக்கு வந்தபோது காயல் செழித்திருந்தது. ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்து அடைந்தன. கால்டுவெல் இங்கே நடந்தபோது சீன தேசத்துப் பீங்கான் துண்டுகள் மண்ணில் சிதறிக் கிடக்கக் கண்டார். பிறகு காயலையும் கடல் விட்டது. ஆற்றின் வாயிலில் புன்னைக்காயல் எழுந்தது. பின்னர் ஆற்று மண்ணின் தொந்தரவு இல்லாத தூத்துக்குடி தலையெடுத்தது. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் மூன்றையும் படத்தில் பார்த்தால், கடல் விலக விலக ஊர் எப்படி நகர்ந்தது என்பது படிக்கட்டுபோல் தெரியும். ஆற்றின் வேலை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்து, புன்னைக்காயலுக்குப் போகும் வழியைத் துண்டித்ததை நாம் எல்லோரும் அறிவோம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கரையில் விசுவாசம் எப்படி வந்தது?

அழகான கதையாகச் சொல்ல வேண்டுமானால் அர்ச். சவேரியார் வந்தார், போதித்தார், ஜனங்கள் மனந்திரும்பினார்கள் என்று முடித்துவிடலாம். நடந்தது அப்படியல்ல. முத்துக்குளிப்பு உரிமையைப் பற்றி எழுந்த சண்டையில் பரதவ குல மக்கள் நசுங்கிப் போயிருந்தார்கள். அவர்களுடைய தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசரிடம் அபயம் கேட்டார்கள். 1535-க்கும் 1537-க்கும் இடையில் கரை முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது. ஏறக்குறைய 20,000 பேர் என்பார்கள். குருக்கள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார்கள், போதிக்க ஆளில்லை. ஐந்து ஆண்டுக்குப் பின், 1542 அக்டோபரில், சவேரியார் வந்தபோது கண்டது என்ன? தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இதை அவரே தமது கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சிலர் இதைச் சொல்லி நம்மைப் பரிகாசம் செய்வதுண்டு. பாதுகாப்புக்காக வந்த வேதந்தானே என்பார்கள். ஆம், வந்த வழி அதுதான். மறைப்பானேன்? அந்த விதை ஏன் பட்டுப்போகவில்லை என்பதல்லவா நாம் கேட்க வேண்டிய கேள்வி!

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்த சிலரை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், பத்துக் கற்பனை, பாவசங்கீர்த்தன மந்திரம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தட்டுத்தடுமாறித் தமிழாக்கினார். அதைத் தாமும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் ஆட்டிக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றார்கள், வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கும்படி அவர்களை அனுப்பினார். வியாதிக்காரர் வீட்டுக்குத் தாம் போக முடியாதபோது பிள்ளைகளையே அனுப்பி விசுவாச மந்திரம் சொல்லுவித்தார். ஊருக்கு ஊர் ஒருவரை உபதேசியாராக நியமித்தார். இரண்டு ஆண்டு சொச்சந்தான் அவர் இந்தக் கரையில் தொடர்ந்து உழைத்தது. 1544-இல் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைத் துரத்தியடித்து, அவர்கள் பாறைகளில் பசியோடு ஒண்டிக் கிடந்தபோது, 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. தோணியை விட்டுக் கால்நடையாகவே அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். வேதத்தை அவர் கற்பித்ததில் இந்த நடையும் சேர்ந்ததென்றே எண்ணுகிறேன்.

அவர் நட்டதற்குத் தண்ணீர் ஊற்றியவர் அந்திரீக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரீக்கே என்ரீக்கஸ் சுவாமியார். சவேரியாரைப் பற்றி அறிந்த அளவு இவரைப் பற்றி நம் வீடுகளில் அறிந்திருக்கவில்லை. அது பெரிய குறை. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக இந்தக் கரையிலேயே இருந்து, புன்னைக்காயலை உறைவிடமாக்கிக்கொண்டு, தமிழ் இலக்கணம் கற்று எழுதி, அங்கே ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனையும் ஏற்படுத்தினார். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம் 16 பக்கம் கொண்ட சிறு புத்தகம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் புத்தகம் அதுவே. 1586-இல் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமாகிய அடியார் வரலாறு வெளிவந்தது. அது புன்னைக்காயலில் அச்சானது. இன்று நாம் பேருந்தில் போய் இறங்கினால் மீன்வலை காயும் ஒரு சின்ன ஊர். அங்கேதான் 440 ஆண்டுக்கு முன் தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சடித்தார்கள். 1600-இல் என்ரீக்கஸ் சுவாமியார் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

சோதனை வராமலில்லை. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். கோவில்களைத் தங்கள் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பால்தேயுஸ் என்னும் டச்சுப் போதகர் ஜனங்களைத் தங்கள் மதத்துக்கு இழுக்க முயன்றார், பலிக்கவில்லை. பாதுகாப்புக்காகத்தான் வேதத்தில் சேர்ந்தார்கள் என்பது உண்மையானால், ஆட்சி மாறினவுடன் அவர்களும் மாறியிருக்க வேண்டுமே! மாறவில்லை. பாதுகாத்த போர்த்துக்கீசர் போய்விட்டார்கள்; பிள்ளைகள் மனப்பாடம் செய்த மந்திரம் போகவில்லை. பிறகு 1713-இல் விஜிலியுஸ் மான்சி சுவாமியார் தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குக் கோவில் கட்டி முடித்தார். அது 1982-இல் பசிலிக்கா என்னும் மகிமை பெற்றது. முத்துக்குளிப்பு 1961-இல் நடந்ததோடு நின்றுபோயிற்று. எந்த முத்துக்காக இவ்வளவு சண்டையும் நடந்ததோ, அது முடிந்தது.

இப்பொழுது மறுபடியும் எபேசைப் பார்ப்போம். அந்தத் திருச்சபைக்கு என்ன குறைவு? சின்னப்பர் மூன்று வருஷம் இருந்து கற்பித்த இடம். அவர் பெயரால் நிருபம் பெற்ற சபை. அர்ச். அருளப்பர் தம் கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது புராதன பாரம்பரியம். 431-ஆம் ஆண்டில் பொதுச் சங்கம் அங்கே கூடி, நம் ஆண்டவளைச் சர்வேசுரனுடைய தாய் என்று அழைப்பது சரியே எனத் தீர்மானித்தது. அன்றிரவு ஊர் ஜனங்கள் தீவட்டி பிடித்து மேற்றிராணிமார்களைத் தங்குமிடம் வரை அழைத்துப்போனார்கள். ஒவ்வொரு ஜெபமாலையிலும் நாம் 53 முறை சொல்லும் வார்த்தைக்கு அங்கே சண்டை நடந்து வெற்றி கிடைத்தது. இன்று அந்தச் சங்கம் கூடிய மாதா கோவில் சுவர்மட்டும் நிற்கிறது. துறைமுகம் தூர்ந்தபோது ஜனம் குறைந்தது. பிறகு அரசுகள் மாறின. கடைசியில் 1923-இல் கிரேக்க, துருக்கி அரசுகள் செய்த உடன்படிக்கைப்படி அந்தக் கரையின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாய் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. சிமிர்னா நகரத்தில், அதாவது இன்றைய இஸ்மிரில், அர்ச். பொலிக்கார்ப்பு பெயரால் ஒரு கோவிலும் ஒரு சிறு மந்தையும் இன்னும் இருக்கிறது. எபேசு மலையில் தேவமாதா வாசம்பண்ணினதாக நம்பப்படும் ஒரு சிறு வீட்டுக்கு யாத்திரிகர் போகிறார்கள். 1967-இல் ஆறாம் சின்னப்பர், 1979-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், 2006-இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் ஆகிய பாப்பரசர்களும் போய் ஜெபித்தார்கள். அது மாதாவின் வீடுதானா என்பதைப் பற்றித் திருச்சபை தீர்ப்புச் சொல்லவில்லை.

காட்சியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எபேசு சபைக்குச் சொன்ன எச்சரிப்பை வாசித்தவர்களுக்கு அந்த விளக்குத்தண்டின் நினைவு வரும். ஆனால் அந்த ஊர் அழிந்தது அதன் பாவத்துக்குத் தண்டனை, நம் கரை பிழைத்தது நம் புண்ணியத்துக்குப் பலன் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அங்கே இரத்தம் சிந்தி விசுவாசத்தைக் காத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர். நாம் பார்க்க வேண்டியது வேறு. சங்கம் கூடிய ஊராயிருந்தாலும், அப்போஸ்தலர் நடந்த தெருவாயிருந்தாலும், மறு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாமற்போனால் மீதியாவது கல்தான்.

நமக்கும் இந்தக் கரைக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் பகுதிக்கு வேதம் வந்தது துறைமுகத்து வழியாயல்ல. கடற்கரைக்கும் கரிசல் காட்டுக்கும் நடுவே பெரிய சுவர் இருந்தது; பறங்கி மார்க்கம் என்று உள்நாட்டார் ஒதுக்கினார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமியார் வேறு உடை, வேறு உணவு, வேறு பேச்சு என்று தொடங்கி வேறு வழி திறந்தார். அந்த மதுரை மிஷன்தான் காமநாயக்கன்பட்டிக்கு வந்தது; வீரமாமுனிவர் அங்கே ஊழியம் செய்தார். ஆகஸ்டு 15-இல் அங்கே திருவிழாவுக்குப் போகிற நம் குடும்பங்கள் இதை அறிவார்கள். ஆகையால் கடற்கரையார் நமக்கு மூத்த சகோதரர்கள். வழி வேறாயினும் வீடு ஒன்று. தூத்துக்குடி மேற்றிராசனம் 1923-லும், நம் பாளையங்கோட்டை மேற்றிராசனம் 1973-லும் ஏற்பட்டன.

விடுமுறையில் குடும்பத்தோடு போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. விடியற்காலையில் திருநெல்வேலி வழியாக ஏரல் போய், அங்கிருந்து கொற்கையைப் பாருங்கள். குளத்தங்கரையில் நின்று, கப்பல் இங்கேதான் வந்தது என்று பிள்ளைகளுக்குக் கிழக்கே கையைக் காட்டிச் சொல்லுங்கள்; கடல் தெரியாது, அதுவே பாடம். ஓட்டுத் துண்டு, சங்குத் துண்டு எதையும் பையில் போட வேண்டாம். அது கிடக்கிற இடத்தில் கிடந்தால்தான் ஆராய்கிறவர்களுக்குப் பேசும். பழையகாயல் தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையிலேயே இருக்கிறது. ஆத்தூரிலிருந்து கிழக்கே திரும்பினால் புன்னைக்காயல். அங்கே இராஜகன்னி மாதா கோவிலில் ஒரு பத்து மணி ஜெபம் சொல்லிவிட்டு, ஆறு கடலில் விழுமிடத்தைப் போய்ப் பாருங்கள். கலங்கல் தண்ணீரும் நீலத் தண்ணீரும் கலப்பது தெரியும். நேரமிருந்தால் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோவில். கீழே பாறையில் சவேரியார் ஜெபித்ததாகச் சொல்லும் குகை. செப்டம்பர் 14 திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளோடு போனால் குகைக்குள் நிற்க இடமிராது. மற்ற நாளில் போவது நல்லது. வெயிலுக்குமுன் போய்விடுங்கள், அந்தக் குன்றில் நிழல் இல்லை.